பூசுமுன் பதிவு செய்க!

இங்கிலாந்து நாட்டுக் கிராமங்களிலே, கதிரைக் குவித்து அடித்துத் தானியம் சேர்த்த பழைய பண்ணைக் கொட்டாரங்கள் வீடுகளாக மாறிக்கொண்டிருக்கின்றன. மாறட்டும்! காலியாய்க் கிடக்கும் கட்டடத்திலே மக்கள் குடியேறுவதைக் குறை கூறுவோரல்லர் நாம். வாங்குவோரில் எத்தனை பேர் கூரையற்ற ஏழைகள் என்பது வேறு கேள்வி. நாம் கேட்பது ஒன்றுதான்: சுவரைப் பூசுமுன், தளத்தைப் பெயர்க்குமுன், அளந்து வரைந்து படமெடுத்துப் பதிவு செய்தீர்களா?

சீமைக் கொட்டாரம் நமக்கெதற்கு என்று தோழர் சிலர் கேட்கக்கூடும். கோட்டையின் கதையை எழுத மன்னனுக்கு ஆள் இருந்தது. கோயிலின் கதையைக் குருமார் எழுதினர். கதிரடித்த கூலியாளுக்கு எழுத யார் இருந்தார்? அவனே எழுதினான், கத்தி முனையால், கதவோரத்திலே! மூட்டைகளை எண்ணிக் கீறிய கோடுகள், பெயரின் முதலெழுத்து, ஓர் ஆண்டு, தீமை அண்டாதிருக்கக் கவராயத்தால் வரைந்த இதழ்வட்டம். நகைக்க வேண்டாம், அவன் அச்சமும் வரலாறுதான். உத்தரங்களைத் தன் பட்டறையிலே பொருத்திப் பார்த்துப் பிரித்த தச்சன், மீண்டும் கோப்பதற்காக வெட்டிய ரோமன் எண்களும் மரத்திலே நிற்கின்றன.

கட்டடத்தின் அமைப்பே ஆவணம். எதிரெதிரே இரு பெருங்கதவுகள், நடுவே களம். குளிர்கால மாதங்களிலே தொழிலாளி அங்கு நின்று கோலால் கதிரடிப்பான். இரு கதவுகளையும் திறந்தால் குறுக்கே வீசும் காற்று பதரைப் பறக்கடிக்கும். அந்த வேலையை இயந்திரம் பறித்தது. அவன் அடுப்பு அணைந்தது. 1830 ஆகஸ்டில் கென்ட் பகுதியிலே கதிரடிக்கும் இயந்திரங்களை உடைக்கத் தொடங்கினர். ‘கேப்டன் ஸ்விங்’ என்ற புனைபெயரில் மிரட்டல் கடிதங்கள் பறந்தன. தெற்கு இங்கிலாந்து கொதித்தது. அரசு என்ன செய்தது? 19 பேரைத் தூக்கிலிட்டது. ஏறத்தாழ 500 பேரைக் கடல் கடத்தியது! அவர்கள் எதை இழந்ததால் எழுந்தனர் என்பதைக் காட்டும் களம் இன்று கான்கிரீட்டுக்கு அடியிலே. காற்று புகுந்த பெருங்கதவு இன்று கண்ணாடிச் சுவர்.

பெரியவை பிழைத்துவிடும். மேற்கு லண்டனின் ஹார்மண்ட்ஸ்வொர்த்தில் 1426-27இல் கட்டிய கொட்டாரம், ஏறத்தாழ 58 மீட்டர் நீளம், காவலோடு நிற்கிறது; நாடே அதனை அறியும். பெயரற்ற சிறு கொட்டாரத்தை யார் அறிவார்?

சட்டமோ அந்தச் சிறியதைத்தான் கைவிடுகிறது. முழு அனுமதி கேட்டு வந்தால், பதிவு செய்த பிறகே வேலை என்று உள்ளாட்சி மன்றம் நிபந்தனை விதிக்கலாம். எப்படிப் பதிவது என்பதற்கு ‘ஹிஸ்டாரிக் இங்கிலாந்து’ அமைப்பு 2016இல் வெளியிட்ட கையேடு நான்கு படிநிலைகளையே வகுத்துத் தந்திருக்கிறது. ஆனால் 2014இல் ஒரு குறுக்குவழி திறந்தார்கள். ‘கிளாஸ் க்யூ’ என்பது அதன் இன்றைய பெயர். பாதுகாப்புப் பட்டியலில் உள்ள கட்டடத்துக்கு அது செல்லாது. பட்டியலில் இல்லாததற்கோ, போக்குவரத்து, இரைச்சல், வெள்ளம், தோற்றம் போன்றவற்றைப் பார்ப்பார்கள். வரலாறு அந்த வரிசையிலே இல்லை! தொடக்கத்தில் 3 வீடுகள் வரை என்றிருந்தது, 2024 மே மாதம் 10 வீடுகள் வரை என்றாயிற்று. வழி அகலமாயிற்று, பதிவு மட்டும் வாசலிலேயே நிற்கிறது.

செலவு என்பார்கள். கண்ணாடிச் சுவருக்குக் கிடைக்கும் பணம் அளவுகோலுக்கும் படத்துக்கும் கிடைக்காதா? அனுமதியோடு பதிவும் கட்டாயமாகட்டும். மாற்றி விற்று இலாபம் காண்பவரே செலவை ஏற்கட்டும். பிரதியொன்று அந்த வட்டாரத்தின் வரலாற்றுப் பதிவகத்துக்குச் செல்லட்டும், ஒன்று அந்த ஊரிலேயே இருக்கட்டும்.

சட்டம் திருந்தும் வரை? பூச்சு வேலைக்குப் போகும் கொத்தனும் தச்சனும் முதல் நாள் மாலையிலே ஒரு கைவிளக்கைச் சுவரோடு சாய்த்துப் பிடித்துப் பார்க்கட்டும். நேர் வெளிச்சத்தில் தெரியாத கீறல், பக்கவாட்டு வெளிச்சத்தில் எழுந்து நிற்கும். அருகே ஒரு அளவுகோலை வைத்து, கைப்பேசியிலே படமெடுத்து, எந்தச் சுவர், எந்தக் கதவு, எவ்வளவு உயரம் என்று குறித்துவிட்டு, பிறகு சாந்து குழைக்கட்டும்.