பாசறையும் படைத்தளமும்

சங்க இலக்கியம் பயில்வோர் பாசறை என்னும் சொல்லை நன்கு அறிவர். வேந்தன் வினைமேற் செல்லுங்கால் களத்தருகே அமைக்கும் தங்குமிடம் அது. கூதிர்க்காலத்தில் அமைந்தால் கூதிர்ப் பாசறை. வேனிலில் அமைந்தால் வேனிற் பாசறை. பெயரிலேயே பருவம் இருக்கிறது. பருவம் உண்டெனில் முடிவும் உண்டு. வினை முடிந்ததும் பாசறை கலையும். தலைவன் இல்லம் மீள்வான். அவன் மீள்வான் என்னும் நம்பிக்கையே முல்லைத்திணையின் உயிர்நிலை எனலாம்.

இக்கால அரசியலில் வழங்கும் படைத்தளம் என்னும் சொல்லில் அந்தப் பருவம் இல்லை. இரண்டாம் உலகப் போர் 1945இல் முடிந்தது. ஏறத்தாழ எண்பது ஆண்டுகள் கடந்த பின்னும், அப்போரையொட்டி வந்த அயல்நாட்டுப் படைகள் நட்பு நாடுகளின் மண்ணில் தங்கியிருக்கின்றன. அவற்றை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்னும் வாதமும் அந்நாடுகளில் ஓய்ந்தபாடில்லை. ஒரு சாரார் பாதுகாப்பு என்பர். மறு சாரார் இறைமை என்பர். இருவர் கூற்றிலும் உண்மை உண்டு. எனினும் இருவரும் எளிதில் மறந்துவிடும் கேள்வி ஒன்று உளது. தளம் வானத்தில் அமைவதன்று. யாரோ சிலருடைய ஊரில், யாரோ சிலருடைய வயலில் அமைகிறது. அச்சிலரின் இசைவு பெறப்பட்டதா? எத்துணைக் காலத்துக்குப் பெறப்பட்டது? இக்கேள்வியை உரைகல்லாகக் கொண்டு, அமெரிக்காவின் நட்பு நாடுகளாகிய பிலிப்பைன்சையும் ஜப்பானையும் இங்கு நோக்குவோம்.

பிலிப்பைன்ஸ் 1946இல் விடுதலை பெற்றது. மறு ஆண்டு, 1947 மார்ச் 14இல், தன்னை ஆண்ட அமெரிக்காவுடனேயே படைத்தள உடன்பாட்டில் அது கையொப்பமிட்டது. காலவரை 99 ஆண்டுகள். விடுதலைக் குழந்தை நடை பயிலும் முன்னரே மூன்று தலைமுறைக்குக் கையெழுத்து வாங்கப்பட்டது என்பதே இதன் பொருள். கிளார்க் விமானத் தளமும் சூபிக் விரிகுடாக் கடற்படைத் தளமும் இவற்றுள் தலையாயவை. சூபிக்கை ஒட்டிய ஒலோங்காப்போ நகரின் ஆட்சியே 1959 வரை அமெரிக்கக் கடற்படையின் கையில் இருந்தது. 1966இல் காலவரை 25 ஆண்டுகளாகக் குறைக்கப்பட்டது. ஆகவே 1991 கெடு ஆண்டாயிற்று.

இடையில் 1972இல் மார்க்கோஸ் இராணுவச் சட்டத்தை அறிவித்தார். அவருடைய வல்லாட்சியை வாஷிங்டன் பொறுத்துக்கொண்டதற்குத் தளங்களும் ஒரு காரணம் என்னும் எண்ணம் மக்களிடையே வேரூன்றியது. 1986இல் அவர் ஆட்சி வீழ்ந்தது. அடுத்த ஆண்டு இயற்றப்பட்ட அரசியலமைப்பு ஒரு தெளிவான விதியை வகுத்தது. 1991க்குப் பின் அயல்நாட்டுத் தளம் வேண்டுமாயின், செனட் அவை இசைவளிக்கும் உடன்படிக்கை வேண்டும். காங்கிரஸ் விரும்பினால் அதனை மக்கள் வாக்கெடுப்புக்கும் விடலாம். மறு நாடும் அதனை முறையான உடன்படிக்கையாக ஏற்க வேண்டும்.

அவ்விதியின்படி 1991 செப்டம்பர் 16இல் செனட் அவை கூடியது. சூபிக் தளத்தை மேலும் பத்தாண்டுகளுக்கு வைத்துக்கொள்ள ஆண்டுக்கு 20 கோடியே 30 இலட்சம் டாலர் தருவதாகப் புதிய உடன்படிக்கை கூறியது. அவ்வாண்டு ஜூன் மாதத்தில்தான் பினாட்டுபோ எரிமலை வெடித்துக் கிளார்க் தளத்தைச் சாம்பலால் மூடியிருந்தது. நாடு வறுமையில் வாடியது. பல்லாயிரவர் பிழைப்பு தளங்களை நம்பியிருந்தது. குடியரசுத் தலைவர் கொராசோன் அக்கினோ தாமே பேரணி நடத்தி உடன்படிக்கைக்கு ஆதரவு திரட்டினார். ஆயினும், அவைத்தலைவர் ஹோவிட்டோ சலோங்கா உள்ளிட்ட 12 பேர் மறுத்து வாக்களித்தனர். ஆதரித்தோர் 11 பேர். உடன்படிக்கை வீழ்ந்தது. 1992 நவம்பர் 24இல் கடைசி அமெரிக்க வீரர் சூபிக்கை விட்டு அகன்றார்.

அவர்கள் சென்றபின் வறுமை உடனே நீங்கிவிடவில்லை. ஆனால் நாடு மூழ்கிவிடவும் இல்லை. ஒலோங்காப்போ மக்கள் ஆயிரக்கணக்கில் ஊதியமின்றித் தொண்டர்களாக நின்று, விட்டுச் செல்லப்பட்ட கட்டடங்களைக் கொள்ளைபோகாமல் காத்தனர். சூபிக் கட்டற்ற வணிகத் துறைமுகமாயிற்று. 1996இல் ஆசிய-பசிபிக் நாடுகளின் தலைவர்கள் அங்கேயே மாநாடு கூடினர். தளவாழ்வு விட்டுச்சென்ற வடுக்களும் உண்டு. அமெரிக்கப் படைவீரர்களுக்கும் பிலிப்பினோத் தாய்மார்களுக்கும் பிறந்த பிள்ளைகள் தந்தைமுகம் அறியாது வளர்ந்தனர். கொரியா, வியட்நாம், லாவோஸ், கம்பூச்சியா, தாய்லாந்து ஆகிய நாடுகளில் பிறந்த இத்தகைய பிள்ளைகள் அமெரிக்காவில் குடியேற 1982இல் அந்நாடு இயற்றிய சட்டம் வழி திறந்தது. பிலிப்பைன்ஸ் அப்பட்டியலில் இல்லை.

இங்கு ஒரு வலுவான மறுப்பு எழும். தளங்கள் நீங்கிய மூன்றாம் ஆண்டே, 1995இல், பிலிப்பைன்ஸ் உரிமை கோரும் மிஸ்சீஃப் பவளத்திட்டில் சீனா கட்டுமானங்களை எழுப்பியது. 2012இல் ஸ்கார்பரோ திட்டும் சீனக் கப்பல்களின் கட்டுப்பாட்டுக்குள் சென்றது. 2016இல் தி ஹேக் நடுவர் தீர்ப்பாயம் பிலிப்பைன்சுக்குச் சார்பாகத் தீர்ப்புரைத்தும் சீனா அதனை ஏற்கவில்லை. வேலியைப் பிடுங்கியவர் பயிர் மேயப்படுவதைக் கண்டு புலம்பலாமா என்று கேட்பர். இம்மறுப்பைத் தட்டிக்கழித்தல் நேர்மையாகாது. வலியவன் அண்டையில் இருக்கையில் எளியவனுக்குத் துணை வேண்டும் என்பதில் ஐயமில்லை.

ஆயினும் துணை வேறு, தளம் வேறு. 1951இல் இரு நாடுகளும் செய்துகொண்ட பரஸ்பரப் பாதுகாப்பு ஒப்பந்தம் 1992க்குப் பின்னும் உயிரோடிருந்தது. பிரான்சு 1966இல் நேட்டோவின் கூட்டுப் படைத்தலைமையிலிருந்து விலகி, அயல்நாட்டுப் படைகளைத் தன் மண்ணைவிட்டு அகலச் சொன்னது. ஆனால் நேட்டோ உறுப்பினராகவே நீடித்தது. நட்பைக் காக்க, நண்பனை நிரந்தரமாக வீட்டுத் திண்ணையில் குடிவைக்க வேண்டிய கட்டாயமில்லை என்பதற்கு இவை சான்று.

இனி ஜப்பானின் தென்கோடித் தீவுக்கூட்டமாகிய ஒகினாவாவுக்கு வருவோம். ஒருகாலத்தில் ரியூக்கியூ என்னும் தனி அரசாக விளங்கிய இதனை 1879இல் ஜப்பான் தன்னுடன் இணைத்துக்கொண்டது. 1945இல் நிகழ்ந்த ஒகினாவாப் போரில் இரண்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர் மாண்டனர். தீவின் மக்களுள் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் அழிந்தனர் என்பர். 1952இல் ஜப்பான் இறைமையை மீட்டது; ஒகினாவாவோ 1972 மே 15 வரை அமெரிக்க ஆட்சியின் கீழேயே விடப்பட்டது. அக்காலத்தில் உழவர் நிலங்கள் படைபலத்தால் பறிக்கப்பட்டுத் தளங்களாயின. பெருநிலத்தில் 1950களில் தளங்களுக்கு எதிர்ப்பு வலுத்தது. அங்குக் கிஃபு, யாமனாஷி மாவட்டங்களில் இருந்த அமெரிக்கக் கடற்படைக் காலாட்கள் ஒகினாவாவுக்கு மாற்றப்பட்டனர். பெருநிலத்தார் மறுத்த சுமை, மறுக்கும் உரிமையற்றிருந்தவர் தலையில் ஏறியது.

அதன் விளைவை இன்றும் காணலாம். ஜப்பானின் நிலப்பரப்பில் ஒகினாவா 0.6 விழுக்காடே. ஆனால் அமெரிக்கப் படைகளுக்கென்றே ஒதுக்கப்பட்ட தளங்களின் பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு அங்குள்ளது. 1959இல் போர் விமானம் ஒன்று மியாமோரி தொடக்கப்பள்ளியின் மீது வீழ்ந்து 11 மாணவர் உட்பட 17 பேர் உயிரிழந்தனர். 2004 ஆகஸ்டில் ஃபுடென்மா தளத்தை அடுத்த ஒகினாவாப் பன்னாட்டுப் பல்கலைக்கழகத்தின் மீது படை ஹெலிகாப்டர் ஒன்று மோதி எரிந்தது. கோடை விடுமுறையாதலால் மாணவர் தப்பினர். விபத்து நடந்த வளாகத்தை அமெரிக்கப் படையினர் வளைத்துக்கொண்டு, ஜப்பானியக் காவலரையே உள்ளே விடவில்லை. தம் நாட்டில், தம் கல்விக்கூடத்தில், தம் காவலர் நுழைய இயலாத நிலையைக் கல்லூரி மாணவர்களாகிய நீங்கள் ஒருகணம் எண்ணிப்பாருங்கள். இறைமை என்னும் சொல்லின் பொருள் அப்போது அகராதி இல்லாமலே விளங்கும்.

1995 செப்டம்பரில் மூன்று அமெரிக்கப் படையினர் பன்னிரண்டு வயதுச் சிறுமியைக் கடத்திச் சீரழித்தனர். குற்றச்சாட்டு முறைப்படி பதிவாகும் வரை அவர்களை ஒப்படைக்க வேண்டியதில்லை என்று படைநிலை உடன்பாடு கூறியது. அக்டோபரில் ஏறத்தாழ 85,000 பேர் திரண்டு கண்டனம் முழங்கினர். 1996இல் ஃபுடென்மா தளத்தை ஐந்து முதல் ஏழு ஆண்டுகளுக்குள் திருப்பித் தருவதாக இரு அரசுகளும் அறிவித்தன. ஆனால் மாற்றிடத்தையும் ஒகினாவாவிலேயே, ஹெனோகோ கடற்கரையில், குறித்தன. ஏழு ஆண்டுகள் பலமுறை கழிந்தும் ஃபுடென்மா திரும்பவில்லை. 2019இல் நடந்த மக்கள் வாக்கெடுப்பில் வாக்குரிமை பெற்றோருள் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் பங்கேற்றனர். வாக்களித்தோரில் ஏறத்தாழ 72 விழுக்காட்டினர் ஹெனோகோவில் கடலைத் தூர்ப்பதை எதிர்த்தனர். எனினும் பணி நிற்கவில்லை. 2023 டிசம்பரில், ஆளுநர் மறுத்த திட்ட மாற்றத்துக்கு, நீதிமன்றத் தீர்ப்பைப் பெற்று, நடுவணரசே அவருக்குப் பதிலாக ஒப்புதல் வழங்கியது.

தளங்கள் இல்லையேல் ஒகினாவா பட்டினி கிடக்கும் என்பாரும் உளர். மாவட்ட வருமானத்தில் தளங்களால் வருவது 1972இல் ஏறத்தாழ 15 விழுக்காடு. அண்மைக் காலத்தில் 5, 6 விழுக்காட்டளவே. 1987இல் திருப்பித் தரப்பட்ட படைக்குடியிருப்பு நிலம் இன்று தலைநகர் நாஹாவின் செழிப்பான வணிகப் பகுதியாக விளங்குகிறது. ஆகவே, வயிற்றைக் காட்டி வாயை அடைக்கும் வாதம் வலுவிழந்துவிட்டது. அப்படியாயின், எஞ்சி நிற்பது பாதுகாப்பு வாதம் ஒன்றே. சீனாவும் வடகொரியாவும் அண்டையில் இருக்க, ஜப்பானுக்கு அது மெய்யான கவலையே. ஆனால் பாதுகாப்பு நாடு முழுமைக்கும் உரியதெனில் சுமையும் நாடு முழுமைக்கும் உரியதாக வேண்டும். பயனை அனைவரும் உண்டு, சுமையை ஒரு தீவின் மேல் ஏற்றுவது கூட்டுப் பாதுகாப்பு ஆகாது.

இவ்விரு வரலாறுகளையும் ஒருங்கே வைத்து நோக்கினால் வேறுபாடு புலனாகும். பிலிப்பைன்சில் கெடு இருந்தது, கெடு வந்தபோது மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட அவை வாக்களித்தது, அவ்வாக்கு மதிக்கப்பட்டது. ஒகினாவாவிலும் மக்கள் வாக்களித்தனர்; அவ்வாக்கு எண்ணப்பட்டதேயன்றி மதிக்கப்படவில்லை.

பிலிப்பைன்சும் தன் நன்னெறியில் முழுமையாக நிலைத்துவிடவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். சீனத்தின் நெருக்குதல் பெருகவே அமெரிக்கப் படைகள் வேறு வடிவில் திரும்பின. வருகைப் படைகள் குறித்த உடன்பாடு 1999இல் செனட் இசைவைப் பெற்றது. 2014இல் உருவான விரிவான ஒத்துழைப்பு உடன்பாட்டின்படி, பிலிப்பைன்சின் சொந்த முகாம்களுக்குள் அமெரிக்கர் வந்துபோகலாம். நிலம் பிலிப்பைன்சுக்கே உரியது. 99 ஆண்டுப் பத்திரத்தோடு ஒப்பிட்டால் இது பெரும் முன்னேற்றமே. ஆனால் இதனைச் செனட் அவையின் முன் வைக்கவில்லை. அரசு தன் அதிகாரத்தாலேயே செய்தது. 2016இல் உச்ச நீதிமன்றம் அதனைச் செல்லுமென்றது. 2023இல் இத்தகைய இடங்கள் ஒன்பதாக உயர்ந்தன. புதியன சிலவற்றைக் கொண்ட ககாயான் மாகாணத்தின் அப்போதைய ஆளுநர் எதிர்ப்புத் தெரிவித்தும் பயனில்லை. தலைநகர் ஒப்பமிட, கடற்கரைச் சிற்றூர் சுமக்கும் பழைய கதை அங்கும் தலைகாட்டுகிறது.

ஆகவே, தளங்களே கூடா என்று ஒரே சொல்லில் அறுதியிடுவதும், தளங்களே அரண் என்று கண்மூடி ஏற்பதும் எளிய வழிகள். என் துணிபு வேறு. அயல்நாட்டுப் படை தங்குவது தவிர்க்க இயலாதபோது அதற்குக் கெடு வேண்டும். கெடு முடியுந்தோறும் மக்கள் மன்றம் புதிதாக இசைவளிக்க வேண்டும். தளம் அமையும் ஊராரின் மறுப்புக்கு மதிப்பு வேண்டும். குற்றம் இழைத்தவன் எவனாயினும் அம்மண்ணின் நீதிமன்றத்தில் நிற்க வேண்டும். சுமை ஓரிடத்தில் குவியாது பகிரப்பட வேண்டும். இவற்றை ஏற்க மறுக்கும் உறவுக்கு நட்பு என்று பெயரிடுவது, சொல்லுக்குச் செய்யும் கொடுமையாகும்.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பது நம் முன்னோர் வாக்கு. அது விருந்தினரை இகழும் வாக்கன்று. விருந்து விருந்தாகவே இருக்க வழிசொல்லும் வாக்கு. வல்லரசாயினும் நண்பன் வீட்டில் தங்குங்கால் புறப்படும் நாளைச் சொல்லிவிட்டுத் தங்குவதே முறை. அந்நாளைக் கேட்கும் உரிமை, வீட்டுத் தலைவருக்கு மட்டுமன்றி, விருந்தினருக்காகத் தம் அறையை ஒழித்துக்கொடுத்த கடைக்குட்டிக்கும் உண்டு.