சில்லின் கால்கள் தமிழுக்கு எட்டாதனவா?

மின்னணுவியலைத் தமிழில் எழுதவியலாது என்று அழிவழக்காடுவோர் இன்றும் உளர். அன்னோர் காட்டும் பூச்சாண்டி நுண்சில்லு. அதனையே எடுத்துப் பார்க்கலாம்.

கணிப்பொறி உறுப்புகளிடையே செய்தியைப் பிரித்தனுப்புவது பி.சி.ஐ. எக்சுபிரசு இணைப்புமாற்றிச் சில்லு. அதன் அடிப்புறத்தே நூற்றுக்கணக்கான கால்கள். தடமொன்றுக்கு 4 கால். கொடுக்க 2, கொள்ள 2. நொடிக்கு 10 கோடி முறை துடிக்கும் துடிப்பைப் பெறத் தனிக் கால்கள் உள. மீள்தொடக்கக் கால் தாழ்ந்திருக்குமட்டும் சில்லு உறங்கும். அஃது உயர்ந்தவுடன் விழித்துத் தன் கட்டுக்கால்களை நோக்கும். கட்டுக்காலை மின்தடை வழியே மின்வழங்கியோடு கட்டினால் ஒன்று. நிலத்தோடு கட்டினால் சுழி. 16 தடங்களை எட்டெட்டாய்ப் பகுப்பதா, நந்நான்காய்ப் பகுப்பதா என்பதை அக்கட்டே சொல்லும். விழித்தபின் கட்டை மாற்றினும் சில்லு பொருட்படுத்தாது. மீண்டும் உறக்கி எழுப்பல் வேண்டும்.

இதில் தமிழுக்கு எட்டாதது யாது? ஆங்கிலத்தார் இச்சொற்களை வானினின்று இறக்கினரல்லர். ‘சுவிட்சு’ முன்னாளிற் குதிரையோட்டும் வளார், ‘இலேன்’ ஊர்ச்சந்து, ‘சிட்ராப்பு’ தோல்வார். தம் தெருவிலும் தொழுவிலும் கிடந்தவற்றைச் சில்லிற் பொருத்தினர். அஃது அறிவியலாம்! உழவன் வீட்டுக் கட்டும் தடமும் அங்கேறினால் நகைப்பாம்!

வரைபடத்தில் உரோமன் குறி நிற்கட்டும், தடையில்லை. பாடஞ்சொல்லும் வாய்க்கு என்ன கேடு? ‘பெர்சுட்டு’ என உருப்போட்ட மாணவன், அக்கால் ஏன் தாழ்ந்து நிற்கிறதென வினவின் விழிக்கிறான். பல்கலைக்கழக மின்னணுத் துறையார் அக்கால்களின் பட்டியலையேனும் தமிழில் அச்சிட்டு அவன் கையிற் கொடுக்கட்டும்.