ஆண்டுக்கொரு கருவி! யாருடைய காலண்டர் இது?

ஆண்டுதோறும் செப்டம்பர் பிறந்தால் கலிபோர்னியாவில் ஒரு திருவிழா. மேடை உண்டு, விளக்கு உண்டு, தீபாராதனை ஒன்றுதான் குறை. திரை விலகுகிறது. இதுவரை செய்ததிலேயே சிறந்த போன் இதுதான் என்று அறிவிக்கிறார்கள். சென்ற ஆண்டும் அதையேதான் சொன்னார்கள். அடுத்த ஆண்டும் அதையேதான் சொல்லப் போகிறார்கள்!

முதல் ஐபோன் 2007-ல் வந்தது. அன்று தொட்டு ஓர் ஆண்டுகூடத் தவறாமல் புது மாடல் வந்துகொண்டிருக்கிறது. 2010-ல் தொடங்கிய சாம்சங் காலக்சி எஸ் வரிசையும் அப்படியே. இப்படி ஆண்டுக்கு ஆண்டு புதுக் கருவி வெளியிடத்தான் வேண்டுமா? வேண்டாம் என்பதே நமது பதில். ஏன் என்பதை உழைப்பாளி மக்களின் பக்கம் நின்று பார்ப்போம்.

விஞ்ஞானத்துக்கு நாம் விரோதிகள் அல்ல. அயலூரில் பாடுபடும் மகனின் முகத்தைத் தாய் இந்தக் கருவியில்தான் பார்க்கிறாள். கூலி பாங்கிக் கணக்கில் விழுந்த சேதி இதில்தான் வருகிறது. இதை வேண்டாமென்று சொல்ல நாம் பைத்தியக்காரர்கள் அல்ல. நாம் கேட்பது ஒன்றே ஒன்றுதான்: விஞ்ஞானம் காலண்டர் பார்த்தா பிறக்கிறது? கண்டுபிடிப்பு வந்தால் கருவி வரட்டும், வரவேற்போம். வெளியீட்டுத் தேதியை முதலில் குறித்துவிட்டு, அதற்கேற்ற ‘கண்டுபிடிப்பை’ப் பிறகு தேடினால், அதற்குப் பெயர் விஞ்ஞானமல்ல, வியாபாரம்!

இந்த வித்தை புதியதுமல்ல. அமெரிக்காவில் ஹென்றி போர்டு 1908-ல் ‘மாடல் டி’ காரைக் கொண்டுவந்தார். 1927 வரை அந்த ஒரே மாடலில் ஒன்றரைக் கோடிக் கார்கள் செய்யப்பட்டன. போர்டும் முதலாளிதான், தர்மப் பிரபு அல்ல. ஆனால் ஜெனரல் மோட்டார்ஸ் தலைவர் ஆல்பிரட் ஸ்லோன் 1920-களில் அவரையும் மிஞ்சினார். ஆண்டுக்கொரு மாடல், வண்ணமும் வடிவமும் மாறும். நன்றாக ஓடும் காரை வைத்திருப்பவனுக்கும் ‘நம் வண்டி பழசாகிவிட்டதே’ என்ற வெட்கம் வரவேண்டும். வந்தால் அவனே கடைக்கு ஓடிவருவான். அந்தச் சூத்திரம்தான் இன்று போனுக்கு வந்திருக்கிறது. புதிய மொந்தையில் பழைய கள்!

வெட்கத்தை உண்டாக்குவதோடு நின்றார்களா? 1924-ல் பல்பு முதலாளிகள் ஜெனீவாவில் ‘பீபஸ்’ என்றொரு கூட்டு அமைத்தார்கள். ஜெர்மனியின் ஓஸ்ராமும் ஹாலந்தின் பிலிப்சும் அதில் இருந்தன. 1,500 மணி நேரம், 2,000 மணி நேரம் என்று எரிந்துகொண்டிருந்த பல்பை 1,000 மணி நேரத்துக்குள் அடக்க முடிவு கட்டினார்கள். அளவுக்கு மேல் எரியும் பல்பைச் செய்த கம்பெனிக்கு அபராதம்! நன்றாகச் செய்ததற்குத் தண்டனை கொடுத்த நீதிமான்கள் அவர்கள்.

நம் காலத்துக் கதையையும் கேளுங்கள். தேய்ந்த பேட்டரியுள்ள பழைய ஐபோன்களின் வேகத்தை மென்பொருள் மூலம் குறைத்ததாக 2017 டிசம்பரில் ஆப்பிள் கம்பெனியே ஒப்புக்கொண்டது. போன் திடீரென்று அணைந்துவிடாமல் இருக்கவே அப்படிச் செய்தோம் என்றது. இருக்கட்டும். அதை வாங்கியவனிடம் ஏன் சொல்லவில்லை? இந்தக் கேள்வியைக் கேட்டுத்தான் 2020-ல் பிரான்சு இரண்டரைக் கோடி யூரோ அபராதம் போட்டது. எதிர்ப்பு எழுந்ததும் பேட்டரி மாற்றும் கட்டணம் 79 டாலரிலிருந்து 29 டாலராக இறங்கியது. பேட்டரியை மாற்றினால் போன் பழையபடி ஓடியது! 29 டாலர் மருந்தில் பிழைக்கக்கூடிய நோயாளியைச் செத்துவிட்டான் என்று எண்ணி, எத்தனை பேர் புதுப் போனுக்குக் கடன் வாங்கினார்களோ!

கருவி நீடித்து உழைக்காது என்பது பொய் என்பதற்கு அவர்களே சாட்சி. 2023-ல் வந்த பிக்சல் 8 போனுக்கு ஏழாண்டு மென்பொருள் புதுப்பிப்புத் தருவதாகக் கூகுள் வாக்களித்தது. 2024-ல் காலக்சி எஸ்24-க்குச் சாம்சங்கும் அதையே சொன்னது. ஏழாண்டு உயிர் வாழும் கருவிக்கு ஆண்டுக்கொரு வாரிசு எதற்கு?

இனித் தொழிற்சாலைக்கு வருவோம். பத்திரிகைகளில் பக்கம் பக்கமாக வரும் விளம்பரங்களில் காணாத காட்சி அங்கேதான் இருக்கிறது. செப்டம்பரில் உலகம் முழுவதும் ஒரே நேரத்தில் விற்க வேண்டுமானால், அதற்கு முந்திய மாதங்களில் இலட்சக்கணக்கான கைகள் இரவு பகலாக வேண்டும். விற்பனைச் சூடு ஆறினால் அந்தக் கைகள் வேண்டாம். அறுவடைக்கு ஆள் பிடித்து, களம் காலியானதும் கைவிட்ட பழைய பண்ணையார்களின் முறைதான் இது. பண்ணையாருக்காவது மழை, வெயில் என்ற காரணம் இருந்தது. போனுக்கு என்ன பருவம்? பருவத்தை உண்டாக்கியவர்களே அவர்கள்தானே!

சீனாவின் செங்சௌ நகரில் பாக்ஸ்கான் கம்பெனி ஐபோன் செய்கிறது. தற்காலிகத் தொழிலாளர் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் இருக்கக் கூடாது என்பது அந்நாட்டுச் சட்டம். 2019 ஆகஸ்டில், புது மாடல் வெளியீட்டுக்கு முந்திய மாதத்தில், அங்கே ஏறத்தாழப் பாதிப்பேர் தற்காலிகத் தொழிலாளர் என்று ‘சைனா லேபர் வாட்ச்’ அமைப்பு அம்பலப்படுத்தியது. அளவுக்கு மேல் வைத்திருந்தது உண்மைதான் என்று இரு கம்பெனிகளும் ஒப்புக்கொண்டன. 2022 இலையுதிர் காலத்தில் அதே ஆலையில் கொரோனா பரவியது. தொழிலாளிகள் மூட்டையைச் சுமந்துகொண்டு நடந்தே ஊருக்கு ஓடினார்கள். ஆனாலும் உற்பத்தி நிற்கக் கூடாதே! புதிய ஆட்களைக் கூட்டி வந்தார்கள். சொன்ன பணம் வரவில்லையென்று நவம்பரில் அவர்கள் கொதித்தெழுந்தார்கள்.

தூரத்துக் கதை என்று நினைக்க வேண்டாம். இன்று ஐபோன் நமது ஸ்ரீபெரும்புதூரிலும் பூட்டப்படுகிறது. 2021 டிசம்பரில் அங்கே விடுதிச் சாப்பாடு விஷமாகி, 150 பேருக்கு மேல் ஆஸ்பத்திரியில் படுத்ததும், நம் பெண்கள் சென்னை – பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்து நியாயம் கேட்டதும் மறக்கக் கூடியவையா? அதற்கு ஆண்டு மாடல் ஒன்றே காரணம் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் தேதிக்குச் சரக்கு வேண்டும் என்று துடிக்கிறவர்கள், அந்தச் சரக்கைச் செய்யும் பெண் எங்கே படுக்கிறாள், என்ன தின்கிறாள் என்று கேட்கத் தெருமறியல் நடக்க வேண்டியிருந்தது!

“ஆண்டுக்கொரு மாடல் நின்றால் வேலை போய்விடுமே?” என்று தொழிலாளியின் தோளில் கைபோட்டுக் கேட்பார்கள். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை! அதே ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் நோக்கியா ஆலை திறந்தது. மாடலுக்குப் பஞ்சமா அங்கே? ஆனாலும் 2014 நவம்பரில் ஆலை மூடப்பட்டது. வரி வழக்கு என்றார்கள், கம்பெனி கைமாறியது என்றார்கள்; ஆயிரக்கணக்கான இளைஞர்கள் தெருவில் நின்றார்கள். புது மாடல் வேலைக்கு உத்தரவாதமல்ல. நிரந்தர வேலையும் சங்க உரிமையுமே உத்தரவாதம். பழுதுபார்ப்பதும் வேலைதானே? சென்னை ரிச்சி தெருவிலே சின்ன மேசையும் பூதக்கண்ணாடியும் வைத்துக்கொண்டு செத்த போனுக்கு உயிர் கொடுக்கிறார்களே, அவர்கள் உழைப்பாளிகள் இல்லையா? உதிரிபாகம் தராமல், வரைபடம் தராமல், கருவிக்குப் பூட்டுப்போட்டு அவர்கள் பிழைப்பைக் கெடுப்பது யார்?

“புது மாடல் வந்தால் பழைய மாடல் விலை குறைகிறது, ஏழைக்கு நல்லதுதானே?” என்பது இன்னொரு வாதம். விலை குறைவது உண்மை. ஆனால் மென்பொருளின் ஆயுளை, மாடல் வெளிவந்த நாளிலிருந்தல்லவா எண்ணுகிறார்கள்! மூன்றாண்டு கழித்து மலிவாக வாங்குகிற ஏழைக்கு மிஞ்சுவது அந்த ஆயுளின் வால்தான். தவணை முடிவதற்குள் சில போன்கள் ‘பழசு’ ஆகிவிடுகின்றன.

தூக்கியெறிந்தவை எங்கே போகின்றன? ஐக்கிய நாடுகள் சபையின் கணக்குப்படி 2022-ல் உலகம் கொட்டிய மின்னணுக் குப்பை 6 கோடியே 20 இலட்சம் டன். முறையாகச் சேகரித்து மறுசுழற்சி செய்ததாகப் பதிவானது நூற்றுக்கு 22 பங்கு சொச்சம்தான். டில்லியின் சீலம்பூரில் கம்பியைக் கொளுத்திச் செம்பெடுக்கும் ஏழைகளின் நுரையீரலில் போய்ச் சேருகிறது மிச்சம்!

என்ன செய்ய வேண்டும்? வாங்காதே என்று தனி மனிதனுக்கு உபதேசம் செய்வதால் பயனில்லை. பழைய போனில் செயலிகள் நின்றுபோனால் அவன் என்ன செய்வான்? சட்டம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் ஒரு விதி நடப்பில் இருக்கிறது. விற்பனை நின்ற பிறகும் ஏழாண்டுக்கு முக்கிய உதிரிபாகங்கள் கிடைக்க வேண்டும். புதுப்பிப்பு ஐந்தாண்டுக்குத் தர வேண்டும். அந்த ஐந்தாண்டும் வெளியீட்டு நாளிலிருந்தல்ல, விற்பனை நின்ற நாளிலிருந்து எண்ணப்படுகிறது. கடைசியாக வாங்கும் ஏழைக்கும் அங்கே கணக்கு உண்டு. நம் நாட்டில் 2022-ல் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழு போட்டார்கள். ஒரு வலைத்தளமும் திறந்தார்கள். வலைத்தளம் சட்டமாகாது!

அந்த விதி இங்கே சட்டமாக வேண்டும். பேட்டரியும் திரையும் நியாய விலையில் எந்தக் கடைக்காரருக்கும் கிடைக்க வேண்டும். வெளியீட்டுக் காலத்துக்கு ஆள் சேர்த்து அதன்பின் விரட்டும் முறை ஒழிந்து, ஒரே வேலைக்கு ஒரே கூலியும் நிரந்தரமும் வர வேண்டும். கருவியின் ஆயுளைக் கூட்டினால், ஆண்டுக்கொரு மாடல் தானாகவே மூச்சுத் திணறும்.

தோழர்களே! அடுத்த செப்டம்பரிலும் திரை விலகும். கருவியில் என்ன புதுமை என்று அவர்கள் சொல்வார்கள். அதைச் செய்தவன் வாழ்வில் என்ன புதுமை என்று ஆலை வாயிலிலும் தேநீர்க் கடையிலும் நாம் கேட்போம். அவர்கள் பதில் சொல்லும் வரை கேட்போம்!