முத்திரை யார் கையில்?

ஆலைத் தொழிலாளியைக் கேளுங்கள், சொல்வார். கொதிகலனை இன்ஸ்பெக்டர் சோதித்துச் சான்று தராமல் நெருப்பு மூட்டக் கூடாது. அது சட்டம். வெடித்தால் சாகிறவர் முதலாளியல்ல. பக்கத்தில் நிற்கும் தொழிலாளி. ஆகவேதான், சோதிக்க வருகிறவர் ஆலைக்காரரின் ஆளாக இருக்கக் கூடாது என்கிறோம்.

கொதிகலனுக்கே இவ்வளவு கட்டு என்றால், கையில் துப்பாக்கியும் இடுப்பில் விலங்கும் வைத்திருக்கும் போலீசுக்கு என்ன கட்டு?

அமெரிக்காவைப் பாருங்கள், தோழர்களே! அங்கே சுமார் 18,000 தனித்தனிப் போலீஸ் இலாகாக்கள். உள்ளூர் இலாகாக்களில் ஏறக்குறையப் பாதியில் பத்துப் போலீசார்கூட இல்லை. ஊருக்கு ஒரு படை. படைக்கு ஒரு தலைவர். தலைவர் வைத்ததே விதி.

இதை ஒழுங்குபடுத்த 1979இல் 'கலியா' என்ற அங்கீகார அமைப்பு ஏற்பட்டது. மாநிலங்கள் பலவும் தமக்கென்று இத்தகைய திட்டங்களை வகுத்தன. இலாகா தன் விதிகளை எழுதிவைக்க வேண்டும்; எழுதியபடி நடப்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும்; வெளியிலிருந்து வருவோர் சோதிப்பார்கள்; தேறினால் அங்கீகாரம். நல்ல ஏற்பாடுதான். அதை நாம் எதிர்க்கவில்லை. ஆனால் மூன்று கேள்விகள் கேட்கிறோம்.

முதல் கேள்வி: கட்டாயம் உண்டா? ஒரு சில மாநிலங்கள் நீங்கலாக, இல்லை. விரும்பினால் வரலாம், விரும்பாவிட்டால் இருக்கலாம். விரும்புகிற முதலாளி மட்டும் கொதிகலனைக் காட்டினால் போதும் என்று எந்தத் தொழிலாளியாவது ஒப்புவானா?

இரண்டாவது: செலவு யாருடையது? கலியாவுக்குக் கட்டணம் கட்ட வேண்டும். கோப்புகளைத் தயாரிக்கத் தனி ஆள் வேண்டும். ஆறு பேர் உள்ள இலாகாவில் ஒருவரை மேசையில் உட்கார வைத்தால் ரோந்துக்குப் போவது யார்? பணக்கார ஊருக்குச் சான்று, ஏழை ஊருக்குத் தடி என்று ஆகிவிடாதா?

மூன்றாவதுதான் முக்கியம்: முத்திரை யார் கையில்? கலியாவைத் தோற்றுவித்தவை போலீஸ் அதிகாரிகளின் சங்கங்கள். அதன் ஆணையத்தில் பெரும்பான்மையோர் போலீஸ் துறையினர். அடிபட்டவனுக்கு அங்கே நாற்காலி எங்கே?

மிசௌரி மாநிலத்தில் பெர்குசன் என்றொரு சிற்றூர். மக்கள் சுமார் 21,000. 2014 ஆகஸ்டில் மைக்கேல் பிரவுன் என்ற 18 வயதுக் கறுப்பின இளைஞர் அங்கே போலீசால் சுட்டுக் கொல்லப்பட்டார். ஊர் கொந்தளித்தது. மத்திய நீதித்துறை விசாரித்து 2015 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது.

அதில் ஒரு கறுப்பினப் பெண்ணின் கதை வருகிறது. 2007இல் காரைத் தவறான இடத்தில் நிறுத்தினார். அபராதம் 151 டாலர், அதற்குமேல் கட்டணங்கள். கட்ட வழியில்லை. தவணை தவறத் தவற வாரண்டும் புது அபராதமும். இருமுறை கைது, ஆறு நாள் சிறை. 25 டாலர், 50 டாலர் என்று கொண்டுபோய்க் கொடுத்தார். முழுத்தொகை வேண்டும் என்று கோர்ட்டு திருப்பிவிட்டது. மொத்தம் 550 டாலர் கட்டிய பிறகும், 2014 டிசம்பரில் பாக்கி 541 டாலர்!

கந்துவட்டிக்காரனும் தோற்றான். ஏன் இப்படி? அபராதத்தை ஊர் சர்க்கார் வருமானமாக நம்பியிருந்தது. 2015ஆம் நிதியாண்டின் பொது நிதியில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அபராதத்திலிருந்து வரும் என்று திட்டமிட்டிருந்தார்கள்!

இந்தக் கொடுமையின் ஒவ்வோர் அடிக்கும் ஒரு தாள் உண்டு: சீட்டு, சம்மன், வாரண்டு. தாளை மட்டும் பார்க்கிற சோதனையாளர் கண்ணில் அந்தப் பெண் படுவாரா?

2022 மே மாதம் டெக்சாசின் உவால்டே பள்ளியில் 19 குழந்தைகளும் 2 ஆசிரியைகளும் சுட்டுக் கொல்லப்பட்டனர். அந்தப் பள்ளி மாவட்டத்துக்கென்றே ஆறு பேர் கொண்ட போலீஸ் இலாகா இருந்தது. இத்தகைய நேரத்தில் தலைமை ஏற்கவேண்டியவர் யார் என்று எழுதிய திட்டமும் இருந்தது. பல இலாகாக்களிலிருந்து 376 பேர் வந்து குவிந்தும், கொலைகாரனை வீழ்த்த 77 நிமிடம் ஆயிற்று. திட்டம் தாளில் இருந்தது; தலைமை களத்தில் இல்லை.

ஆகவே, அங்கீகாரம் வேண்டும். ஆனால் அது கட்டாயமாக வேண்டும். செலவைப் பொதுப்பணம் ஏற்க வேண்டும். சோதிக்கிற குழுவில் தெருவில் நிறுத்தப்படுகிறவனும் கூண்டில் ஏற்றப்படுகிறவனும் இடம் பெற வேண்டும். குறைகள் ஊரறிய வெளியாக வேண்டும். தவறினால் முத்திரை பறிபோக வேண்டும்.

கொதிகலன் பக்கத்தில் நிற்கிறவனுக்குத்தான் அதன் சூடு தெரியும். அவனைக் கேட்காமல் குத்துகிற முத்திரை சுவரை அலங்கரிக்கும், உயிரைக் காக்காது.