திண்ணையா, மரத்தளமா?

தென்காசி மாவட்டத்துச் சிவகிரியில் நின்று மேற்கே பார்த்தால், மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் எழுப்பியதுபோல் நிற்கும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தை மாதம் கழிந்ததும், அடிவாரத்துப் புல் காய்ந்து வைக்கோல் நிறம் கொள்ளும். மாசி, பங்குனியில் சில இரவுகளில் மலைச் சரிவில் சிவப்புக் கோடு ஒன்று நெளிவதைக் காணலாம். அதுதான் காட்டுத்தீ. தொலைவிலிருந்து பார்க்க அழகாகவே இருக்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறச் சென்றவர்களைச் சூழ்ந்து, 23 பேர் இறக்கக் காரணமானதும் இத்தகைய தீயே.

மலையடிவாரத்தில் தோட்ட வீடு கட்டும் சிலருக்கு இப்போது ஓர் ஆசை. வீட்டின் முன்னே, தரைக்கு மேல் சிறிது இடைவெளி விட்டு மரப்பலகைகளைப் பரப்பி, அதில் நாற்காலி போட்டு அமர்ந்து மலையைப் பார்க்க வேண்டுமாம். இதை 'டெக்' என்கிறார்கள். ஆசையில் தவறில்லை. ஆனால் அடிவாரத்து வீட்டுக்கு இது ஏற்றதன்று என்பது என் கருத்து. ஏன் என்று பார்ப்போம்.

காட்டுத்தீ வீட்டை எப்படிப் பற்றுகிறது? சுவர்போல உயர்ந்த சுடர் வந்து வீட்டை விழுங்கும் என்றே பலரும் எண்ணுகிறோம். பெரும்பாலும் அப்படி நடப்பதில்லை. மரம் தீப்பற்ற, அருகில் பொறியும் இருந்தால், ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 12.5 கிலோவாட் வெப்பக் கதிர்வீச்சு வேண்டும். உச்சி வெயிலில் நம்மீது விழுவது சுமார் 1 கிலோவாட்தான். சுடர் விலக விலக இந்த வெப்பம் விரைவாகக் குறைந்துவிடும். ஆனால் காற்றில் பறந்து வரும் கங்குக்குத் தூரம் ஒரு பொருட்டன்று. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 2009 பிப்ரவரி 7 அன்று மூண்ட தீயில் 173 பேர் மாண்டனர். இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட வீடுகள் அழிந்தன. அந்நாட்டில் தீக்கிரையாகும் வீடுகளில் பெரும்பாலானவற்றுக்குக் கங்குகளே காரணம் என்பதை ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள்.

இனி மரத்தளத்துக்கு வருவோம். அடுப்பில் ஒற்றை விறகை வைத்தால் புகைந்து அணைந்துவிடும். இரண்டை நெருக்கி வைத்தால் நின்று எரியும். ஒன்றின் வெப்பம் மற்றதன்மேல் விழுவதே காரணம். அடுத்தடுத்த பலகைகளின் இடுக்கிலும் இதுவே நிகழ்கிறது. கனமான மரம் மெதுவாகவே கரியாகும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர்தான், மேலே படியும் கரியே உள்மரத்துக்குக் காப்பாகவும் அமையும். ஆனால் பலகைக்குக் கீழே காற்று கொண்டுவந்து சேர்த்த சருகு இருக்கிறதே! அதற்கு அத்தகைய காப்பு ஏது? குனிந்து கூட்டவும் முடியாத இடம் அது. அங்கே ஒரு கங்கு விழுந்தால், தளமே வீட்டு வாசலில் மூட்டிய அடுப்பாகிவிடும்.

நம் முன்னோர் கட்டிய திண்ணையை நினைத்துப் பாருங்கள். கல்லும் மண்ணும் செங்கல்லும் சுண்ணாம்பும். அடியில் இடைவெளியே இல்லை. காட்டுத்தீயை எண்ணி அவர்கள் கட்டவில்லை. வழிப்போக்கர் படுக்கவும் மாலையில் பேசியிருக்கவும் கட்டினார்கள். ஆயினும் அடிவாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான 'டெக்' எனக்குத் தெரியவில்லை. ஒன்று மட்டும்: திண்ணைமேல் சாக்கும் தென்னை மட்டையும் குவித்து வைத்தால், அதுவும் மரத்தளத்துக்குச் சமம்தான்.

எனக்கு மறுப்புச் சொல்வோரும் உண்டு. "தீ மேட்டை நோக்கித்தானே விரையும்? நாம் இருப்பது பள்ளத்தில் அல்லவா?" என்பார்கள். நியாயமான கேள்வி. சரிவில் மேலேறும் சுடர் தனக்கு முன்னுள்ள புல்லைச் சூடாக்கிக்கொண்டே போவதால் ஏறும்போது அதற்கு வேகம் அதிகம். இறங்கும்போது மெதுவாகத்தான் வரும். ஆனால் இரவில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழ்நோக்கி வீசும். எரியும் கட்டைகளும் உருண்டு வரும். அன்றியும் நம் நாட்டில் காட்டுத்தீயைப் பெரும்பாலும் மூட்டுபவர் மனிதரே. தோட்டத்தில் சருகைக் கொளுத்திவிட்டுப் போனால், அந்த நெருப்பு அடிவாரத்துப் புல்வழியே மலையேறிவிடும். அப்போது ஆபத்து நம் வீட்டுக்கு அன்று, காட்டுக்கு.

ஓலைச் சாய்ப்பின் கீழ் வாழ்வோருக்கு இந்தத் திண்ணைப் பேச்சால் என்ன பயன்? 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்துப் பள்ளியில் கீற்றுக் கூரை தீப்பற்றி 94 குழந்தைகள் இறந்ததை நாடு மறக்கவில்லை. என்றாலும் "ஓலையை எடுத்துவிடு" என்று சொல்வது எளிது. தகரத்தின் கீழ் சித்திரை வெயிலில் இருந்து பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். ஓட்டுக்கு வசதி வரும்வரை, அடுப்பையாவது சாய்ப்பிலிருந்து தள்ளி வைக்கலாம். வைக்கோல் படப்பையும் விறகையும் வீட்டை ஒட்டி அடுக்காமல் இருக்கலாம். சுவரை ஒட்டி ஒன்றரை மீட்டர் அகலத்துக்கு வெறும் மண்ணாகக் கூட்டி வைக்கக் காசு தேவையில்லை.

மாணவர்களே, நெருப்பைத் தொடாமலே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. காற்றடிக்கும் நாளில் வீட்டைச் சுற்றி வந்து, சருகு எங்கெங்கே ஒதுங்குகிறது என்று படம் வரைந்து குறியுங்கள். சருகை ஒதுக்கும் அதே காற்றுதான் கங்கையும் அங்கே ஒதுக்கும். பல வீடுகளில் அது தொழுவத்துக்கும் பின்சுவருக்கும் இடைப்பட்ட மூலையாக இருக்கும். விறகு அடுக்கியிருப்பதும் அனேகமாக அங்கேதான்.