பழைய கார்டை யார் மூடுவது?

கிரெடிட் கார்டு கடனில் மாட்டிக்கொண்டவருக்கு நண்பர்கள் சொல்லும் முதல் யோசனை, வட்டி குறைந்த இன்னொரு கார்டுக்கு மாற்றிவிடு என்பதுதான். ‘பேலன்ஸ் ட்ரான்ஸ்ஃபர்’ என்ற பெயரில் வங்கிகளும் இதையே கூவி விற்கின்றன. வட்டி இறங்கினால் கடன் தானாகக் கரைந்துவிடும் என்று படித்தவர்களே நம்புகிறார்கள். இந்த நம்பிக்கையில் பாதி உண்மை இருக்கிறது. ஆளை மாட்டிவிடுவது மீதிப் பாதி.

கணக்குப் போட்டே பார்க்கலாம். ஒருவருக்கு ஒரு லட்சம் ரூபாய் பாக்கி. மாத வட்டி 3.5 சதவீதம், இந்தியாவில் இது சர்வ சாதாரணம். வட்டி 3,500 ரூபாய், அதன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி 630 ரூபாய். மினிமம் டியூ என்று 5,000 கட்டினால் அசலில் கழிவது வெறும் 870. ஆறு மாதம் விடாமல் கட்டினாலும் பாக்கி 94,000-க்குக் கீழே இறங்காது.

அதே கடனை ஆறு மாதச் சலுகையாக மாதம் 1.7 சதவீத வட்டிக்கு, 2 சதவீத பிராசஸிங் கட்டணம் கொடுத்து மாற்றுகிறார் என்று வைத்துக்கொள்வோம். கட்டணத்துக்கும் ஜிஎஸ்டி உண்டு. ஆக, முதல் நாளே கடன் 1,02,360 ஆகிவிடும். ஆனாலும் அதே 5,000 வீதம் கட்டினால் ஆறு மாத முடிவில் நிற்பது சுமார் 83,800. பத்தாயிரத்துக்கு மேல் மிச்சம். இதை மறுப்பதற்கில்லை.

ஆனால் பழைய கார்டு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்பதில்லை. புதிய வங்கி பணத்தைக் கட்டிய மறுநாள், அதில் ஒரு லட்சம் லிமிட் மறுபடி திறந்து கிடக்கிறது. கார்டு பர்ஸிலேயே இருக்கிறது. சாப்பாடு வரவழைக்கும் செயலியிலும் துணி வாங்கும் செயலியிலும் அதன் எண் பதிந்து கிடக்கிறது. மாதம் 1,750 ரூபாய்க்கு அதைத் தேய்த்துவிட்டுக் கட்டாமல் விட்டால் போதும், ஆறு மாத மிச்சமும் போயே போச்சு. குடும்பத்தோடு ஒருமுறை ஓட்டலுக்குப் போனாலே அந்தத் தொகை ஆகிவிடுகிறது.

இன்னொரு வங்கியின் கடன்காரரை ஒரு வங்கி ஏன் சிரித்த முகத்தோடு வரவேற்கிறது? மாதாமாதம் முழுப் பில்லையும் கட்டுபவரிடம் வட்டி வருமானம் கிடையாது. பாக்கி வைப்பவர்தான் அதற்கு ஊற்று. அவர் இன்னொரு வங்கியில் பாக்கி வைத்துப் பழகியவர் என்பதைவிட நல்ல சிபாரிசு வேண்டுமா? ஏழாம் மாதம் சலுகை முடிந்து வட்டி பழையபடி 3.5-க்கு ஏறும்போது, அந்த 83,800-க்கு வட்டியும் வரியும் மட்டும் மாதம் 3,460 ரூபாய். கடிவாளம் போடச் சட்டமும் இல்லை. கார்டு வட்டி ஆண்டுக்கு 30 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் சொன்ன தீர்ப்பை, 2024 டிசம்பர் 20 அன்று உச்ச நீதிமன்றம் ரத்து செய்துவிட்டது.

‘பூஜ்ஜிய வட்டி, 60 நாள்’ என்ற விளம்பரம் இதைவிட வேடிக்கை. 2 சதவீதக் கட்டணமும் வரியும் சேர்ந்து 2.36 சதவீதம். இரண்டு மாதத்துக்கு அவ்வளவு என்றால் ஆண்டுக்கு 14 சதவீதத்தைத் தாண்டுகிறது. பூஜ்ஜியம் எங்கே இருக்கிறதோ!

முழுக் கடனும் மாறுவதும் அபூர்வம். புதிய கார்டின் லிமிட்டில் ஒரு பங்குக்குத்தான் அனுமதி கிடைக்கும். கடைசியில் இரண்டு கார்டு, இரண்டு பில், இரண்டு கெடு தேதி. வட்டி அதிகமான கார்டுக்குத்தான் முதலில் கூடுதலாகக் கட்ட வேண்டும். மனிதர்கள் அப்படிச் செய்வதில்லை. பிரிட்டனில் ஒன்றுக்கு மேற்பட்ட கார்டு வைத்திருப்பவர்களின் பதிவுகளை ஆராய்ந்து ‘அமெரிக்கன் எகனாமிக் ரிவ்யூ’ 2019-இல் வெளியிட்ட ஆய்வு, அவர்கள் வட்டியைப் பார்க்காமல் எந்தக் கார்டில் எவ்வளவு பாக்கி என்று பார்த்து, அந்த விகிதத்திலேயே பணத்தைப் பிரித்துக் கட்டியதைக் காட்டியது.

வீட்டில் நகை இருக்கிறவர் இந்தச் சுற்றுக்கே போக வேண்டியதில்லை. வங்கி நகைக்கடன் வட்டி, கார்டு வட்டியில் பாதிகூட வராது. அதைவிட முக்கியம், அந்தக் கடனைக் கடையில் தேய்க்க முடியாது. நம் ஊரில் நகையை அடகு வைப்பது வெட்கம், ஆண்டுக்கு 42 சதவீதத்துக்குக் கார்டில் பாக்கி வைப்பது கௌரவம்!

மாற்றித்தான் தீர வேண்டும் என்பவர், கடன் மாறிய வாரமே பழைய கார்டை மூடக் கோர வேண்டும். “சிபில் ஸ்கோர் இறங்கிடும் சார்” என்று மறுமுனையில் பயமுறுத்துவார்கள். மொத்த லிமிட் குறைவதால் கொஞ்சம் இறங்கலாம். கட்டத் தவறினால் விழும் அடிக்கு முன் அது ஒன்றுமே இல்லை. பாக்கி இல்லாத கார்டை 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும், தவறினால் நாளொன்றுக்கு 500 ரூபாய் வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதித்திருக்கிறது. ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: கடைசி பில் தேதிக்கும் பணம் போய்ச் சேர்ந்த தேதிக்கும் இடைப்பட்ட நாட்களின் வட்டி, சில நூறு ரூபாயாக அடுத்த பில்லில் வந்து உட்காரும். அதைக் கட்டாதவரை கார்டு மூடப்படாது.