‘இலவசம்’ யாருக்கு லாபம்?

திருமலை தரிசனத்துக்கு முன்பதிவு செய்யும் கைபேசிச் செயலியை ஜியோ பிளாட்ஃபார்ம்ஸ் நிறுவனத்துடன் இணைந்துதான் 2023 ஜனவரியில் தேவஸ்தானம் வெளியிட்டது. ஏழுமலையான் சன்னதிக்கான வரிசையும் அம்பானியின் வாசல் வழியே நீள்கிறது!

2024 ஜூலையில் ஜியோ, ஏர்டெல், வோடஃபோன் ஐடியா மூன்றும் அடுத்தடுத்துக் கட்டணத்தை உயர்த்தின. உயர்வு சில திட்டங்களில் 25 சதவீதத்தைத் தொட்டது. விளைச்சலுக்கு விலை கிடைக்காத சித்தூர் மாம்பழ விவசாயியும் அதைச் செலுத்தியே ஆகவேண்டும். மறு ஆண்டே ‘இலவசம்’ வந்தது. ரூ.17,000 மதிப்புள்ளதெனக் கூறி 36 கோடி வாடிக்கையாளர்களுக்குப் பெர்ப்ளெக்சிட்டி புரோவை ஏர்டெல் ஓராண்டுக்கு வழங்கியது. ஜியோவோ ரூ.35,100 மதிப்பிட்டு, கூகுளின் ஜெமினியை 18 மாதங்களுக்கு அளித்தது. மதிப்பை நிர்ணயித்தவர்களும் அவர்களே.

பழக்கப்படுத்திவிட்டுப் பின்னர் சந்தா வசூலிப்பது ஒரு கணக்கு. மக்களின் கேள்விகளையும் பேச்சையுமே கச்சாப்பொருளாக்கிக் கொள்வது அதனினும் பெரிய கணக்கு. தமிழும் தெலுங்கும் கலந்து புழங்கும் இந்த எல்லைப்புற மக்களின் மொழிக்கும் இதில் விலை உண்டு. அது பேசுபவருக்குக் கிடைப்பதில்லை.

இதே ஆந்திராவின் விசாகப்பட்டினத்தில் 1,500 கோடி டாலர் செலவில் கூகுள் அமைக்கவுள்ள செயற்கை நுண்ணறிவு மையத்தில் ஏர்டெலும் அதானி குழுமமும் கூட்டாளிகள். பொதுத்துறையான பிஎஸ்என்எல் நிறுவனமோ, விருப்ப ஓய்வின் பெயரால் சுமார் 78,000 ஊழியர்களை இழந்து, 2025 செப்டம்பரில்தான் நாடு தழுவிய 4ஜி சேவையைத் தொடங்க முடிந்தது. தனியார் 5ஜிக்குச் சென்று மூன்றாண்டுகள் ஆகியிருந்தன. பிஎஸ்என்எல் நிறுவனத்துக்கு 5ஜியும் தரவு மையங்களும் உடனே வழங்கப்பட வேண்டும்; கட்டண உயர்வுக்கு டிராய் கடிவாளமிட வேண்டும்.